ஒன்பது நாள் யாழ்ப்பாணம் போகிறோம், அக்சலோட்டலுக்கு யார் சாப்பாடு போடுவது?

கல்லடிப்பெடியன்:
நல்லூர்த் தேருக்குக் குடும்பமாகப் போகிறோம். வீட்டில் இரண்டு அக்சலோட்டல், தண்ணீருக்குள்ளேயே வாழும் சலமாண்டர் வகை. வெள்ளை பெரியது, மூன்று வயது, ஒரு சாண் நீளம். கறுப்பு சின்னது, ஐந்து மாதம், என் நடுவிரலை விடக் கொஞ்சம் நீளம். இரண்டும் ஒரே மூன்றடித் தொட்டியில்தான். பக்கத்து வீட்டு மாமி பார்த்துக்கொள்வதாகச் சொன்னா. ஆனால் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மனே இது, அறணையா மீனா?" என்று இரண்டடி பின்னால் போய்விட்டா. மண்புழுவைத் தொடவே மாட்டா. தானாக உணவு போடும் பெட்டி ஒன்று வாங்கிப் பூட்டினால் சரிவருமா?
இன்னொன்று: ஒரு கிழமையாக வெள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. செவுள் முடிகள் முன்பக்கமாக வளைந்து நிற்கின்றன.

வாவிக்கரை:
தம்பி, சாப்பாட்டை விடுங்கள், அது கடைசிக் கவலை. ஆரோக்கியமான பெரியது ஒன்பது நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. அந்தப் பெட்டி வாங்கவே வேண்டாம். அது கொட்டுகிற உருண்டையை இது தின்னாமல் விட்டால், அடியில் கிடந்து அழுகும், அமோனியா என்கிற நஞ்சு தண்ணீரில் ஏறும். தண்ணீர் எத்தனை டிகிரி? பில்ற்றர் இழுவை பலமா? செவுள் முன்னால் வளைந்தால் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

கல்லடிப்பெடியன்:
இழுவை மெதுவானதுதான், ஸ்பொஞ்ச் பில்ற்றர். தெர்மோமீற்றர் இன்றைக்குத்தான் வாங்கினேன். காலை பத்து மணிக்கு 26, பின்னேரம் மூன்று மணிக்கு 28. பேன் முழு நாளும் தண்ணீருக்கு மேலே ஓடுகிறது.

வாவிக்கரை:
28ஆ! அப்ப அதற்குப் பசி எங்கே வரும்? இதன் சொந்த இடம் மெக்சிகோ நகரப் பக்கம் சொச்சிமில்கோ ஏரி. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேல், நம்ம நுவரெலியாவை விட உயரம். 16 முதல் 18 வரை நல்லது, 20 தாங்கும், 24ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் நோய்தான். கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் பேன் ஓரளவு வேலை செய்யும், வறண்ட காற்றில் தண்ணீர் வேகமாக ஆவியாகும் என்பதால். ஆனால் வெளியே 34 என்றால் அது 18க்குக் கொண்டுவராது. சில்லர், அதாவது தொட்டித் தண்ணீரைக் குளிராக்கும் மெஷின், வாங்க வசதி இருந்தால் அதுதான் சரி.

ஆரையூரான்:
பெரியதைப் பிரிட்ஜில் ஒரு டப்பாவில் வைத்துவிட்டுப் போகலாமே? 5 முதல் 8 டிகிரியில் வைத்திருக்கிறார்கள்.

வாவிக்கரை:
வைக்கிறார்கள்தான். ஆனால் தினமும் முழுத் தண்ணீரையும் அதே குளிரில் மாற்ற வேண்டும். மாமி அதைக் கையில் எடுக்கவா போறா?

கல்லடிப்பெடியன்:
சில்லர் விலை கேட்டேன், இந்த வருடம் முடியாது. ஐஸ் போத்தல் போட்டால்?

வாவிக்கரை:
மூன்றடித் தொட்டியில் ஒன்றரை லீற்றர் ஐஸ் போத்தல் ஒரு டிகிரிதான் குறைக்கும், மாமியின் பிரிட்ஜ் காணாது. தண்ணீரைக் குறையுங்கள். மீன் ஏற்றுகிற ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி புதிதாக ஒன்று வாங்கி, முப்பது லீற்றர் தொட்டித் தண்ணீரையே ஊற்றி, அந்த ஸ்பொஞ்ச் பில்ற்றரையும் அப்படியே உள்ளே மாற்றுங்கள். கழுவ வேண்டாம், நல்ல பக்டீரியா அதில்தான் இருக்கிறது. மூடியில் காற்றுக் குழாய்க்கு ஒரு ஓட்டை, மூச்சுக்கு ஒரு ஓரத்தில் இடைவெளி. இந்த அளவுத் தண்ணீரில் அரை லீற்றர் போத்தல் ஒன்று ஒன்றரை டிகிரி இறக்கும். காலை ஒன்று, மத்தியானம் இரண்டு, படுக்க முதல் ஒன்று. ஒரே நாளில் 28இலிருந்து 18க்கு இறக்காதீர்கள், இரண்டு மூன்று நாள் எடுங்கள். ஆகவே இன்றைக்கே தொடங்குங்கள், மாமிக்கும் பழகும்.
ஒரு நாள் விட்டு ஒரு நாள் பத்து லீற்றர் மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரென்றால் முதல் நாளே வாளியில் பிடித்துக் குளோரினை நீக்கும் மருந்து விட்டு, வாளிக்குள்ளும் ஒரு ஐஸ் போத்தல் போடச் சொல்லுங்கள்.

ஆரையூரான்:
சின்னதைப் பெரியதோடு விடாதீர்கள். வாய்க்கு முன்னால் ஆடுவதை எல்லாம் கவ்வும். கால் திரும்ப முளைக்கும்தான், அதற்காகப் பரிசோதித்துப் பார்ப்பதா? ஐந்து மாதக் குட்டிக்குக் கிட்டத்தட்ட தினமும் சாப்பாடு வேண்டும். என்னிடம் சில்லர் ஓடுகிறது, ஆரையம்பதியில் கொண்டுவந்து விடுங்கள்.

கல்லடிப்பெடியன்:
நான்காம் நாள். பெட்டியில் 20. செவுள் பின்னால் விழுந்துவிட்டது. நேற்று இரவு ஒரு மண்புழுவை வாயில் பாதி தொங்கத் தொங்க விழுங்கினதைப் பார்க்க வேண்டும்! சின்னது ஆரையம்பதிக்குப் போய்விட்டது, நன்றி அண்ணா. நாளை பஸ்.

கல்லடிப்பெடியன்:
வந்து சேர்ந்தோம். மாமி தினமும் தெர்மோமீற்றரைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டா. ஒரு நாள் நாலு மணித்தியாலம் கரண்ட் இல்லை, அன்றைக்கு 22 வரை போயிற்று. மற்றபடி 19, 20. ஒரே ஒரு சிக்கல். ஏழாம் நாள், "பாவம், பட்டினி கிடக்குது" என்று ஒரு துண்டு சூடை மீன் போட்டிருக்கிறா. வந்து மூடியைத் திறந்தால் மீன் சந்தை மணம், தண்ணீர் பால் கலந்த மாதிரி. வெள்ளை அசைகிறது, ஆனால் அடிக்கடி மேலே வந்து காற்றுக் குடிக்கிறது.

வாவிக்கரை:
துண்டை எடுத்தாயிற்றா? இப்பவே பாதித் தண்ணீரை மாற்றுங்கள், அதே குளிரில். நாளை காலை இன்னொரு பாதி. அமோனியா சோதித்துப் பாருங்கள், பூச்சியத்துக்கு வரும் வரை தினமும் மாற்ற வேண்டும். அதுவரை புழு வேண்டாம்.

கல்லடிப்பெடியன்:
மாற்றிவிட்டேன். மாமிக்கு இன்னும் சொல்லவில்லை.