கார்ட்லெஸ் போன் பேஸைத் தேடிக்கொண்டே இருக்கிறது: அவசரமாக உதவி தேவை

முல்லைக்கொடி (காலை 7.20)

வணக்கம். எங்கள் வீட்டுக் கார்ட்லெஸ் போனில் நேற்றிலிருந்து பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துவிடுகிறது. பேஸை, அதாவது ஹேண்ட்செட்டுகள் எல்லாம் இணையும் தாய்ப்பெட்டியைத் தேடுவதாகத் திரையில் ஒரு வரி வருகிறது. சிறிது நேரத்தில் தானாகவே சரியாகிவிடுகிறது. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹேண்ட்செட் இது. அவரால் எழுந்து நடக்க முடியாது. தண்ணீர் வேண்டுமென்றாலும் இதில் இன்டர்காம் பொத்தானை அழுத்தித்தான் என்னைக் கூப்பிடுவார். அதனால் நேற்றிரவு முழுவதும் எனக்குத் தூக்கமே இல்லை. பேட்டரியை மாற்றிப் பார்த்துவிட்டேன், பயனில்லை. முழு செட்டையும் புதிதாக வாங்கிவிடலாமா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

தாழ்வாரம் (காலை 7.48)

சகோதரி, வாங்குவதற்கு முன் சில விவரங்கள் சொல்லுங்கள். மொத்தம் எத்தனை ஹேண்ட்செட் இருக்கின்றன? பேஸ் எந்த அறையில் இருக்கிறது, அதற்கும் அம்மாவின் அறைக்கும் நடுவே எத்தனை சுவர்கள்? மற்ற ஹேண்ட்செட்டுகளிலும் இப்படி ஆகிறதா?

பேட்டரியை மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த வகைப் பேட்டரி போட்டீர்கள் என்பது மிக முக்கியம். இந்த ஹேண்ட்செட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிதான் போட வேண்டும். கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடுகிற 1.5 வோல்ட் சாதாரணப் பேட்டரி அளவில் அச்சாகப் பொருந்திவிடும். ஆனால் அதைச் சார்ஜரில் வைத்தால் கசியும், வெடிக்கவும் கூடும். அப்படி ஏதும் போட்டிருந்தால் இந்த இழையைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதைக் கழற்றிவிடுங்கள்.

செவ்வந்தி (காலை 8.05)

எங்கள் வீட்டிலும் இதே தொல்லை இருந்தது. புது வைஃபை ரவுட்டரைப் போனின் பேஸுக்குப் பக்கத்தில் வைத்த நாளிலிருந்துதான் பேச்சு விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தது. ரவுட்டரை அடுத்த அறைக்கு மாற்றியவுடன் சரியாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் இரண்டும் அருகருகே இருந்தால் பிரித்து வையுங்கள். வேறு எதையும் தேடி அலைய வேண்டாம்.

அலைவரிசை (காலை 8.31)

இதே கேள்விக்கு இங்கே நான் பலமுறை விடை எழுதியிருக்கிறேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் வந்தால் எல்லோருடைய நேரமும் மிச்சமாகும். அதைவிட, தவறான விடையை இவ்வளவு உறுதியாகச் சொல்வது கேட்பவருக்குச் செய்யும் தீங்கு. இன்று வீடுகளில் இருக்கும் கார்ட்லெஸ் போன்களில் பெரும்பாலானவை டெக்ட் என்னும் தரத்தில் அமைந்தவை. ஐரோப்பாவில் 1990களின் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட அந்தத் தரம் அங்கும் வேறு பல நாடுகளிலும் 1880 முதல் 1900 மெகா ஹெர்ட்ஸ் வரையிலும், வட அமெரிக்காவில் 1920 முதல் 1930 மெகா ஹெர்ட்ஸ் வரையிலும் இயங்குகிறது. வைஃபை இயங்குவதோ 2.4, 5 கிகா ஹெர்ட்ஸ் பட்டைகளில். ஒன்றின் பாதையில் மற்றொன்று குறுக்கே வருவதற்கே இடமில்லை.

இவருடைய சிக்கல் தொலைவுதான் என்பது எழுத்திலேயே தெரிகிறது. தயாரிப்பாளர்கள் திறந்தவெளியில் 300 மீட்டர், வீட்டுக்குள் 50 மீட்டர் என்று குறிப்பிடுவது வழக்கம். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டினாலே அந்த ஐம்பது வெகுவாகக் குறைந்துவிடும். ஒரு ரிப்பீட்டர் வாங்கி நடுவழியில் வையுங்கள், வேலை முடிந்தது.

செவ்வந்தி (காலை 8.50)

நான் நேரில் கண்டதைத்தான் எழுதினேன். ரவுட்டரை நகர்த்தினேன், போன் தெளிவாகிவிட்டது. அலைவரிசைக் கணக்கு என்னவாக இருந்தாலும், என் வீட்டில் நடந்ததை நடக்கவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது.

இரவுப்பறவை (காலை 9.12)

இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. கார்ட்லெஸ் என்று விற்கப்பட்ட எல்லாமே டெக்ட் அல்ல, 2.4 கிகா ஹெர்ட்ஸிலேயே இயங்கிய போன்கள் ஒரு காலத்தில் ஏராளமாக விற்றன, அவற்றில் பல இன்னும் வீடுகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. செவ்வந்தி அவர்களின் போன் அந்த வகையாக இருந்தால் ரவுட்டரோடு மோதியதில் வியப்பில்லை. பேஸின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்தால் எந்த வகை என்பது தெரிந்துவிடும். ‘டெக்ட் 6.0’ என்று இருந்தால் அதை 6 கிகா ஹெர்ட்ஸ் என்று எண்ணிவிட வேண்டாம். அது வட அமெரிக்காவில் விற்பனைக்காக வைத்த பெயர் மட்டுமே.

டெக்ட் போனில் இன்னொரு வசதியும் உண்டு. பத்து மில்லி விநாடிக்கு ஒரு சட்டகம் என்று நேரத்தைப் பிரித்து, அதை மேலும் 24 துண்டுகளாக்கி, அவற்றில் எது தெளிவாக இருக்கிறதோ அதை ஹேண்ட்செட்டே தேர்ந்துகொள்கிறது. ஒரு பாதையில் இரைச்சல் வந்தால் பேச்சு அறுபடாமலேயே வேறு பாதைக்குத் தாவிவிடும். ஆகவே பக்கத்து வீட்டிலும் இதே வகைப் போன் இருப்பதால் மட்டும் இணைப்பு இப்படி அடியோடு அறுந்துபோகாது.

செவ்வந்தி (காலை 9.30)

பார்த்துவிட்டேன். என்னுடையதில் 2.4 கிகா ஹெர்ட்ஸ் என்றே அச்சிட்டிருக்கிறது. விளக்கத்துக்கு நன்றி.

அலைவரிசை (காலை 9.41)

நான் டெக்ட் போனைப் பற்றித்தான் எழுதினேன். கேட்டவருடையது என்ன போன் என்று அவர் இன்னும் சொல்லவில்லை என்பதையும் எல்லோரும் கவனிக்க வேண்டும்.

முல்லைக்கொடி (காலை 11.15)

மன்னிக்கவும், அம்மாவைக் கவனித்துக்கொண்டிருந்ததால் உடனே வர முடியவில்லை. டெக்ட் என்றுதான் பேஸில் போட்டிருக்கிறது. மொத்தம் நான்கு ஹேண்ட்செட்டுகள்: கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, மாடியில் ஒன்று, அம்மாவிடம் ஒன்று. பேஸ் கூடத்தில் இருக்கிறது. அம்மாவின் அறை அதற்கு அடுத்த அறைதான், நடுவே ஒரே ஒரு சுவர். பேட்டரி சரியான வகைதான், 1.2 வோல்ட் என்று அதன்மேல் எழுதியிருக்கிறது. ஆறு ஆண்டுகளாக ஒரு குறையும் இல்லாமல் உழைத்த செட் இது.

இன்னொன்றையும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மற்ற மூன்றிலும் இதே வரி வருகிறது. அம்மாவுடையதுதான் எனக்கு முக்கியம் என்பதால் அதை மட்டும் எழுதினேன். யாராவது அழைத்து மணி அடிக்கத் தொடங்கினால் இரண்டு மூன்று மணியிலேயே நான்கும் ஒன்றாக அடங்கிவிடுகின்றன. யாரும் தொடாமல் சும்மா இருக்கும்போது எல்லாத் திரைகளிலும் சிக்னல் முழுதாகத்தான் தெரிகிறது.

பழுதுநீக்கி (காலை 11.40)

நீங்கள் கடைசியில் எழுதிய பத்தியில்தான் எல்லாம் இருக்கிறது அம்மா. பல ஹேண்ட்செட் உள்ள போனில் பழுது வந்தால் நான் முதலில் பார்ப்பது அது யாரைப் பின்தொடர்கிறது என்பதைத்தான். ஒரு ஹேண்ட்செட்டை எந்த அறைக்குக் கொண்டுபோனாலும் பழுது கூடவே வந்தால் அது பேட்டரியிலோ அந்தக் கருவியிலோ இருக்கிறது. எந்த ஹேண்ட்செட்டைக் கொண்டுவந்தாலும் ஒரே அறையில் மட்டும் தொல்லை இருந்தால் சுவரையும் தொலைவையும் பார்க்க வேண்டும். நான்கும் ஒரே நொடியில் பேஸைத் தொலைக்கின்றன என்றால் நான்கிலும் ஒரே நேரத்தில் கோளாறு வந்திருக்க வாய்ப்பே இல்லை. பேஸ்தான் அந்த நொடியில் மறைந்துபோகிறது.

சும்மா இருக்கும்போது பேஸுக்கு மின்சாரம் குறைவாகவே போதும். அழைப்பு வந்து, எல்லா ஹேண்ட்செட்டுகளையும் கூப்பிட்டு, தானும் மணியடித்து, பேச்சையும் சுமக்கத் தொடங்கும்போது தேவை கூடுகிறது. அடாப்டரால் அதைக் கொடுக்க முடியாவிட்டால் வோல்டேஜ் இறங்கி, பேஸ் அணைந்து மறுபடி எழுகிறது. அதற்குள் ஹேண்ட்செட்டுகள் எல்லாம் அதைத் தேட ஆரம்பித்துவிடுகின்றன.

இரண்டு கேள்விகள். மணி அடிக்கும்போது பேஸின் விளக்கையே பார்த்துக்கொண்டிருங்கள். அது ஒரு கணம் அணைந்து எரிகிறதா? இந்தத் தொல்லை தொடங்குவதற்கு முன்பு யாராவது பேஸையோ சார்ஜர்களையோ சுவரிலிருந்து கழற்றினார்களா?

அலைவரிசை (பிற்பகல் 12.02)

அடாப்டர் தவறாக இருந்தால் பேஸ் இயங்கவே இயங்காது. பாதி வேலை செய்யும் அடாப்டர் என்று ஒன்று கிடையாது. ஹேண்ட்செட் தன்னருகில் இருக்கும் பேஸைத் தேடுகிறது என்றால் சிக்னல் பலவீனம் என்றே பொருள். பேஸில் மின்சிக்கன முறை போட்டிருந்தால் அது அனுப்பும் அலையின் வலுவைக் குறைத்துவிடும். அதை நிறுத்திவிட்டு ரிப்பீட்டரைச் சேர்த்தால் போதும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

பழுதுநீக்கி (பிற்பகல் 12.25)

மின்சிக்கன முறையைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான், அதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஆனால் ரிப்பீட்டரைப் பற்றி நான் மறுத்தே ஆக வேண்டும். அது பேஸ் அனுப்புவதை வாங்கித் தொலைவுக்குக் கடத்தும் கருவி. பேஸே அணைந்துவிட்டால் அதற்குக் கடத்துவதற்கு எதுவும் இருக்காது. சில வகை ரிப்பீட்டர்களைச் சேர்க்க வேண்டுமென்றால் பேச்சை மறைகுறியாக்கும் வசதியையே பேஸில் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். ஒரே சுவர் நடுவில் இருக்கும் வீட்டுக்கு அந்த இழப்பு எதற்கு?

பாதி வேலை செய்யும் அடாப்டரை நான் எத்தனையோ முறை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பல செட்டுகளில் பேஸின் அடாப்டரும் சார்ஜர் தொட்டிலின் அடாப்டரும் ஒரே கறுப்பு நிறத்தில், ஒரே அளவு முனையோடு, கண்ணை மூடிக்கொண்டு மாற்றிச் செருகும்படி இருக்கும். அவற்றின் முதுகில் எறும்பளவு எழுத்தில் அச்சிட்ட எண்கள் மட்டுமே வேறு.

தாழ்வாரம் (பிற்பகல் 12.50)

நானும் பழுதுநீக்கி ஐயா சொல்வதையே ஏற்கிறேன். சகோதரி, அம்மாவின் ஹேண்ட்செட்டையும் தொட்டிலையும் கையால் தொட்டுப் பாருங்கள். வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால் பேஸின் அடாப்டர் அங்கேதான் போயிருக்கிறது.

பழுது எதுவாக இருந்தாலும் இன்னொரு ஏற்பாட்டையும் செய்துவிடுங்கள். பேஸுக்கு மின்சாரம் நின்றுவிட்டால் நான்கு ஹேண்ட்செட்டுகளின் பேட்டரியும் நிறைந்திருந்தாலும் அவற்றால் பேச முடியாது, இன்டர்காமும் இருக்காது. உங்களுடையது தாமிரக் கம்பியில் வரும் இணைப்பாக இருந்தால், கம்பி வைத்த பழைய போன் ஒன்றை வாங்கி நீங்கள் உறங்கும் இடத்தில் மாட்டுங்கள். வெளியே அழைக்க அது ஒன்றாவது மின்சாரம் இல்லாமலே இயங்கும். ரவுட்டர் வழியாக வரும் இணைப்பு என்றால் ரவுட்டருக்கும் பேஸுக்கும் சேர்த்துத் தடையில்லா மின்சாரத்துக்கு வழிசெய்ய வேண்டும். அம்மா உங்களைக் கூப்பிடுவதற்கு மட்டும், பேட்டரியில் ஓடும் கம்பியில்லா அழைப்பு மணி ஒன்றைத் தனியாக அவர் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். படுக்கையில் இருப்பவருக்கு ஒரே ஒரு வழியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

அலைவரிசை (பிற்பகல் 1.10)

இது அழைப்பு மணியைப் பற்றிய இழை அல்ல.

தாழ்வாரம் (பிற்பகல் 1.18)

தன் அம்மா கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் இந்த இழையைத் தொடங்கினார். நான் அதற்குத்தான் விடை எழுதினேன்.

முல்லைக்கொடி (மாலை 6.35)

கண்டுபிடித்துவிட்டோம். முந்தாநாள் கூடத்துக்கும் அம்மாவின் அறைக்கும் வர்ணம் பூசினார்கள். அப்போது எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டியது என் மகன். பேஸின் அடியில் 6.5 வோல்ட், 300 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. அதில் செருகியிருந்த அடாப்டரில் 4 வோல்ட், 150 என்று இருந்தது. சரியான அடாப்டர் அம்மாவின் தொட்டிலில் இருந்தது; தொட்டில் உண்மையிலேயே சுட்டது. மாற்றி மாட்டியபின் ஆறு அழைப்புகள் வந்துவிட்டன, ஒன்றுகூட அறுபடவில்லை. அம்மாவும் இரண்டு முறை இன்டர்காமில் கூப்பிட்டுப் பார்த்தார். எல்லோருக்கும் நன்றி.

பழுதுநீக்கி (மாலை 7.05)

மிக்க மகிழ்ச்சி அம்மா. இப்போதே இரண்டு அடாப்டர்களிலும் சிறு தாள் ஒட்டி, எது எதற்குரியது என்று பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். மற்ற இரண்டு தொட்டில்களின் அடாப்டர்களையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். இரண்டு நாளாகச் சூட்டில் இருந்த அம்மாவின் ஹேண்ட்செட் மூடியைத் திறந்து பேட்டரிகளையும் பாருங்கள். உப்பியிருந்தாலோ, முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தாலோ அவற்றை மறுபடி சார்ஜில் வைக்காமல், முன்பு கழற்றிய பழைய பேட்டரியையே போடுங்கள். அதையும் இதேபோல் பார்த்துவிட்டுப் போடுங்கள்; இந்தத் தொல்லைக்கு அது காரணமாக இருந்திருக்காது.

செவ்வந்தி (இரவு 8.20)

இதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டு அடாப்டர்களைப் போய்ப் பார்த்தேன். இரண்டிலும் எண்கள் ஒன்றாகவே இருக்கின்றன. அப்படியும் தயாரிப்பார்களா, அல்லது யாராவது இடையில் மாற்றிவிட்டார்களா?

பழுதுநீக்கி (இரவு 8.44)

சில செட்டுகளில் இரண்டுக்கும் ஒரே அடாப்டரைத்தான் கொடுக்கிறார்கள். பேஸின் அடியிலும் தொட்டிலின் அடியிலும் அச்சிட்டிருக்கும் எண்களோடு ஒத்துப்போனால் கவலை வேண்டாம்.

தாழ்வாரம் (இரவு 9.10)

முல்லைக்கொடி அவர்களே, அம்மாவின் ஹேண்ட்செட்டில் பேட்டரியைப் பார்த்துவிட்டீர்களா? இரவு சார்ஜில் வைப்பதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள்.