புனித சனிக்கிழமையும் வெறும் பேழையும்

உயிர்ப்புப் பெருவிழாவின் விடியலில் கிடைத்த இறை அனுபவத்தைப் பலரும் சொல்கிறார்கள். கேட்க நிறைவாக இருக்கிறது. எனக்கு நடந்தது அதற்கு முந்தைய நாளில், யாரும் அதிகம் பேசாத புனித சனிக்கிழமையில்.

கோயிலில் பீட வேலைகளுக்கு உதவுகிறவள் நான். அதனால் புனித வாரத்தைக் கையால் தொட்டுத்தான் எனக்குப் பழக்கம். பெரிய வியாழன் திருப்பலி முடிந்ததும் பீடத் துணிகளை உருவி எடுப்போம். அன்று ‘உன்னதங்களிலே’ என்று பாடும் வானவர் கீதத்தின்போது ஒலித்த மணி, சனி இரவில் உயிர்ப்பை எதிர்நோக்கி நடக்கும் திருவிழிப்பு வழிபாட்டில் அதே கீதம் வரும்வரை ஒலிக்காது. வெள்ளிக்கிழமை திருப்பலி கிடையாது. வியாழனன்று அர்ச்சித்த நற்கருணையையே, கிறிஸ்துவின் உடலாக நாங்கள் உண்ணும் அப்பத்தையே, கொடுப்பார்கள். மீதியை நோயாளிகளுக்காக வேறோர் இடத்தில் வைத்துவிடுவோம். அதனால் நற்கருணையை வைக்கும் பெட்டியான நற்கருணைப் பேழை சனிக்கிழமை காலி. அதன் கதவு திறந்தே கிடக்கும். பக்கத்தில் எப்போதும் எரியும் விளக்கும் அன்று எரியாது.

அந்த வருடம் என் தம்பியின் திசுப் பரிசோதனை முடிவுக்காக வீட்டில் எல்லோரும் காத்திருந்தோம். விடுமுறை முடிந்து திங்களோ செவ்வாயோ வரும் என்றார்கள். தவக்காலம் முழுக்க ஒழுங்காக நோன்பிருந்தேன், பாவசங்கீர்த்தனமும் செய்திருந்தேன். தயாராவதற்கு என்னென்ன செய்யச் சொல்வார்களோ அத்தனையும் செய்தாகிவிட்டது. ஆனால் செபம் மட்டும் வரவில்லை. ‘ஆண்டவரே’ என்று தொடங்கினால் அடுத்த சொல் வராது.

அந்தச் சனிக்கிழமை மதியம் பாஸ்கா திரியை, இரவு வழிபாட்டில் ஏற்றும் பெரிய மெழுகுதிரியை, தயார் செய்யப் போனேன். திரியில் சிலுவை, கிறிஸ்துவே முதலும் முடிவும் என்பதற்காக அகரமும் னகரமும், அந்த வருடத்தின் நான்கு எண்கள், பிறகு ஐந்து காயங்களுக்காக ஐந்து சாம்பிராணி மணிகள் பொருத்தும் துளைகள். இரவில் ஃபாதர் குத்தும்போது சிரமம் வரக்கூடாது என்று முன்கூட்டியே துளைகளைச் சரிபார்ப்பது வழக்கம். ஒரு துளையில் மெழுகு அடைத்திருந்தது. ஊசியைச் சூடாக்கிச் சரிசெய்துவிட்டு, பீடத்தைக் கடக்கும்போது பழக்கத்தில் பேழைப் பக்கம் திரும்பி முழங்கால் மடங்கத் தொடங்கியது. பாதியில் நின்றுவிட்டேன். அங்கே ஆண்டவர் இல்லை. அது தெரியாமலா இருந்தேன்? என் கையாலேயே கழுவித் துடைத்து வைத்த பேழைதானே. ஆனாலும் அன்று அந்தக் காலி இடம் நெஞ்சில் அடித்தது. இத்தனை நாள் என் செபமும் இப்படித்தானே இருக்கிறது என்று அழுகை வந்தது.

அப்போதுதான் முன் வரிசையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். கையில் செபமாலை இருந்தது, ஆனால் உருட்டவில்லை. வேறு ஆலயத்திலிருந்து வந்தவராக இருக்கும், வழிபாட்டு நேரம் தெரியாமல் காத்திருக்கிறாரோ என்று நினைத்து, “பாட்டி, இப்ப எதுவும் கிடையாது. ராத்திரிதான் திருவிழிப்பு” என்றேன்.

“தெரியும்மா” என்றார். “மாதா இன்னைக்குத் தனியா இருப்பாங்கல்ல. துணைக்கு உட்கார்ந்திருக்கேன்.”

அவ்வளவுதான் சொன்னார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. செபம் எதுவும் சொல்லவில்லை, சொல்ல முயலவும் இல்லை. சீடர்கள் சிதறிப்போன அந்தச் சனிக்கிழமையில் மரியா மட்டுமே விசுவாசத்தைக் காத்து நின்றார் என்பது திருச்சபையின் பழைய நம்பிக்கை. சனிக்கிழமைகளை மாதாவுக்கு ஒப்புக்கொடுப்பதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட விஷயம்தான். அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. மகனைப் புதைத்த தாய்க்கு அன்று பெரிய ஆறுதல் உணர்வு ஒன்றும் இருந்திருக்காது. இருந்தும் அவர் விட்டுப் போகவில்லை. அதுவும் விசுவாசம்தான் என்றால், வார்த்தையே வராமல் உட்கார்ந்திருக்கும் எனக்கும் அதில் ஓர் இடம் உண்டு. இதை நானாக யோசித்துக் கண்டுபிடித்ததாகத் தோன்றவில்லை. யாரோ பக்கத்தில் வந்து சொன்னதுபோல் அவ்வளவு தெளிவாக இருந்தது. ஆண்டவர் என்னோடு பேசினார் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பல நூற்றாண்டுகளாகப் பாஸ்கா திருவிழிப்பைச் சனிக்கிழமை காலையிலேயே முடித்துவிடும் வழக்கம் இருந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1951-ல் அதை மறுபடி இரவில் கொண்டாட முதலில் அனுமதி கொடுத்தார். 1955-ல் புனித வாரச் சடங்குகள் முழுவதையும் சீர்திருத்தினார். இரவு வழிபாட்டின் அழகுக்காக அந்த மாற்றத்தை எல்லோரும் பாராட்டுவார்கள். என்னைக் கேட்டால், அதனால் நமக்குத் திரும்பக் கிடைத்த பெரிய கொடை அந்தக் காலியான பகல்தான். காத்திருக்க ஒரு முழு நாள்.

அன்றிரவு விடுதலைப் பயண வாசகம் வந்தது. திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டு வாசகங்களைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் செங்கடலைக் கடக்கும் அந்த வாசகத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது. முன்னால் கடல், பின்னால் பார்வோனின் படை. நடுவில் நிற்கும் மக்களிடம் மோசே, அஞ்சாமல் நில்லுங்கள், ஆண்டவர் உங்களுக்காகப் போரிடுவார் என்கிறார். அப்புறம் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும் நேரம். ஃபாதர் ஒவ்வொன்றாகக் கேட்க, கோயிலே ‘நம்புகிறேன்’ என்றது. முதல் தடவை என் தொண்டை அடைத்துக்கொண்டது. இரண்டாவது தடவை மற்றவர்கள் குரலோடு சேர்ந்து என் குரலும் வந்தது. மூன்றாவது தடவை சத்தமாகவே சொன்னேன்.

பரிசோதனை முடிவு செவ்வாயன்று வந்தது. நாங்கள் பயந்ததுதான். சிகிச்சை நீண்டது, இப்போது தம்பி வேலைக்குப் போகிறான். ஆனால் அந்த முடிவு எப்படி வந்திருந்தாலும் சனிக்கிழமை எனக்குக் கிடைத்தது மாறியிருக்காது. முடிவு தெரிவதற்கு முன்பே கிடைத்தது அது.

ஆன்மிகத் தயாரிப்பு என்றதும் உள்ளம் உருக வேண்டும், கண்ணீர் வர வேண்டும் என்று எதிர்பார்த்து, வராதபோது தங்களையே நொந்துகொள்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதினேன். வரும் புனித சனிக்கிழமை மதியம் உங்கள் கோயில் திறந்திருந்தால் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். செபப் புத்தகம் வேண்டாம், கைபேசி வீட்டிலேயே இருக்கட்டும். செபம் வந்தால் சரி, வராவிட்டாலும் சரி. மாதாவுக்குத் துணையாக இருந்துவிட்டு வாருங்கள்.