புதுப்பிப்பு: குட்டிப் போர்வை ஒருவழியாக முடிந்தது

இரண்டு வாண்டுகளை வைத்துக்கொண்டு துண்டுத்துணிப் போர்வை தைக்க முடியுமா என்று போன முறை புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி. தைத்து முடித்துவிட்டேன். என்ன, நினைத்த அளவில்தான் இல்லை.

கட்டிலுக்குப் போடும் பெரிய போர்வை என்ற ஆசையை முதல் வாரமே மூட்டை கட்டிவிட்டேன். 5 அங்குலச் சதுரம், வரிசைக்கு 6, மொத்தம் 36. நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடுவதால் ஒவ்வொன்றும் நாலரையாகி, கடைசியில் பக்கத்துக்கு 27 அங்குலம் நிற்கிறது. பெரியவன் தரையில் விரித்து கார் ஓட்ட அது போதும்.

வெட்டுவதை மட்டும் இரவுக்கு ஒதுக்கச் சொன்னீர்களே, அதுதான் கைகொடுத்தது. பகலில் பத்து நிமிடம் கிடைத்தால் இரண்டு சதுரம் இணைப்பேன், அவ்வளவுதான். குண்டூசிக்குப் பயந்து கிளிப்புக்கு மாறினேன். சின்னவள் அதையும் வாயில் போடப் பார்த்தாள். இப்போது எண்ணி எடுத்து எண்ணி வைக்கிறேன்.

பெரிய சொதப்பல் ஒன்று. சிவப்புத் துணியை முன்னாலேயே அலசாமல் தைத்துவிட்டேன். முதல் துவைப்பிலேயே சாயம் இறங்கி, பக்கத்து வெள்ளைச் சதுரம் ஓரமெல்லாம் ரோஸ். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, பெரியவன் "இதுதான் என் கட்டம்" என்று அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டான்!

தொட்டிலில் போடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். ஒரு வயது வரை குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவும் கூடாது, முகத்தை மூடி மூச்சடைக்கலாம்.

அடுத்ததற்கான துணி கொடியில் காய்கிறது. இந்த முறை சிவப்பைத் தனியாக மூன்று தண்ணீர் அலசியாயிற்று.