மறுமொழி: ‘இயல்பற்ற பாக்டீரியா’ வேண்டாம், உள்வாழ்வி, சுவரிலி

அன்பு நண்பர்களுக்கு, பெங்களூரு அல்சூரிலிருந்து வணக்கம்.

‘ஏடிபிகல் பாக்டீரியா’ (வழக்கத்துக்கு மாறான பாக்டீரியா) என்ற ஆங்கில மருத்துவச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்களையெல்லாம் நேற்று இரவு முதலிலிருந்து மறுபடி படித்தேன். ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் இவ்வளவு நேரம் செலவிடுவதைப் பார்க்க மனம் நிறைகிறது. ஆனால் ஓரிடத்தில் எனக்குக் கடுமையான மறுப்பு உண்டு. போன மடலில் நானே முன்வைத்த ஒரு சொல்லையும் திரும்பப் பெறுகிறேன்.

> ‘இயல்பற்ற பாக்டீரியா’ என்பதே நேர்ச்சொல். அதை ஏற்றுக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

இப்படி எழுதிய சேலத்து ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சொல் ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்பதை நான் கண்ணால் பார்த்தவள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை ஓய்ந்த சமயம். கோலார் தங்கவயலில் இருக்கும் என் அத்தைக்குக் காய்ச்சல் கண்டது. ஆட்டுக்குத் தழை ஒடிக்க ஊருக்கு வெளியே உள்ள புதர்க்காட்டுக்கு அன்றாடம் போகிறவர். டைபாய்டு என்று சொல்லி ஊரில் ஊசி போட்டார்கள். ஒன்பதாம் நாள் மூச்சுத் திணறலோடு பெங்களூருக்குக் கொண்டுவந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். மறுநாள் காலை பணியில் இருந்த இளம் மருத்துவர், ‘ஏடிபிகல்’ கிருமியாக இருக்கலாம் என்றார். அத்தை மகன் அதை ஊருக்குத் தொலைபேசியில் சொல்லும்போது “இயல்பில்லாத கிருமியாம்” என்றான். சாயங்காலத்துக்குள் அது “மருந்தே இல்லாத கிருமி” ஆகிவிட்டது. எப்படியும் பிழைக்கப் போவதில்லை, உயிர் இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்று பெரியவர்கள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

அன்று இரவு உடம்பு துடைத்துவிட வந்த செவிலிதான் அதைக் கண்டுபிடித்தார். இடுப்பில் பாவாடை நாடா இறுகும் மடிப்பில், துவரம்பருப்பு அளவில் ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவந்த வளையம். பீடி நெருப்புச் சுட்ட தழும்பு போலிருந்தது. வலியோ அரிப்போ இல்லாததால் அத்தைக்கே அது தெரியவில்லை. உடனே டாக்சிசைக்ளின் தொடங்கினார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஒரு மாத்திரையின் விலை சில ரூபாய்தான். இரத்த வளர்ப்புச் சோதனையின் முடிவு ஐந்து நாள் கழித்து வந்தது: ‘வளர்ச்சி இல்லை’. அதைப் படித்துவிட்டு, “கிருமியே இல்லையாமே, பிறகு எதற்கு மாத்திரை?” என்று அத்தை மகன் கேட்டான். இருபது ஆண்டுகளாக நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ‘வளர்ச்சி இல்லை’ என்று நானே எத்தனையோ முறை எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். வாங்கிப் படிப்பவர் அதை எப்படிப் புரிந்துகொள்வார் என்று அதுவரை யோசித்ததில்லை.

அத்தைக்கு வந்தது ஸ்க்ரப் டைபஸ். அதைத் தருவது ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியா. அது உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். இரத்தத்தை எத்தனை நாள் புட்டியில் வைத்தாலும் அங்கே அது வளராது. இதில் இயல்புக்கு மாறானது எதுவும் இல்லை. அதன் இயல்பே அதுதான். நம் புட்டிதான் அதற்கு ஏற்றதாக இல்லை.

‘ஏடிபிகல்’ என்ற அடைமொழி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வழக்கு இன்னும் தெளிவாகும். 1938-இல் அமெரிக்க மருத்துவர் ஹோபர்ட் ரெய்மன் சில நோயாளிகளைப் பற்றி எழுதியபோது அதைப் பயன்படுத்தினார். அவர்களுக்கு வந்த நிமோனியா, நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா தரும் வழக்கமான நிமோனியாவைப் போல இல்லை என்பது மட்டுமே அவர் சொல்ல வந்தது. அடைமொழி நோயின் போக்குக்குத்தான், கிருமிக்கு அல்ல. அந்தக் கிருமியை ஈட்டன் குழுவினர் 1944-இல் பிரித்தெடுத்தார்கள். மற்ற பாக்டீரியாக்களைத் தடுக்கும் நுண்வடிகட்டியைத் தாண்டிச் சென்றதால் வைரஸ் என்றே பலரும் எண்ணினார்கள். 1962-இல்தான் அதைச் செயற்கை ஊடகத்தில் வளர்த்து, அது மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா என்று காட்டினார்கள். பின்னால் கிளமிடியா, லெஜியனெல்லா, கியூ காய்ச்சல் தரும் காக்சியெல்லா என்ற பாக்டீரியாக்கள் எல்லாம் ‘ஏடிபிகல்’ என்ற அதே கூடைக்குள் வந்து விழுந்தன. பாக்டீரியாவுக்குச் சாயமேற்றிப் பார்க்க 1884-இல் கிராம் என்ற மருத்துவர் கண்ட முறையில் சரியாகத் தெரியாதவை, வழக்கமான தட்டில் வளராதவை, பென்சிலினுக்கு அடங்காதவை என்பதே கூடையின் அளவுகோல். உயிரியல் உறவு ஒன்றும் கிடையாது. அந்தக் கூடையின் பெயரை நாம் ஏன் தமிழுக்குச் சுமந்துவர வேண்டும்?

நோயைக் குறிக்க வேண்டிய இடத்தில் ‘வழக்குமாறிய நிமோனியா’ என்று எழுதலாம். கிருமியைக் குறிக்கும்போது, பென்சிலின் ஏன் பலிக்கவில்லை என்பதை அந்தச் சொல்லே சொல்ல வேண்டும். அதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஆகவே சொற்களும் இரண்டு வேண்டும்.

முதலாவது எளிது. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர் கிடையாது. பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியா சுவர் கட்டுவதைத் தடுத்துக் கொல்பவை. சுவரே இல்லாத ஒன்றிடம் அவற்றுக்கு வேலையில்லை. இதற்குச் ‘சுவரிலி’ என்று வைக்கலாம். முதுகெலும்பிலி என்று பள்ளியிலேயே படித்தவர்கள் நாம். இந்த ‘இலி’ யாருக்கும் அந்நியமாகத் தோன்றாது. மதுரை நண்பர் சொன்ன ‘சுவரற்ற நுண்ணுயிரி’யில் பிழையில்லை. ஆனால் ஒரு பத்தியில் அது ஐந்து முறை வந்தால் வாசகர் களைத்துவிடுவார்.

இரண்டாவது காரணம், செல்லுக்குள் ஒளிந்து வாழும் பாக்டீரியாவைப் பென்சிலின் சரியாகப் போய்ச் சேராதது. இதற்கான சொல்லில்தான் நாம் மோதிக்கொண்டோம். செல்லுக்குள் வாழும் பாக்டீரியாவுக்கு நான் ‘உள்ளுறைவி’ என்றேன். அகத்திணையில் வரும் உள்ளுறை உவமத்தை நினைத்துச் சொன்னது. வெளியே பறவையும் விலங்கும் தெரியும், சொல்லவந்த பொருள் உள்ளே தங்கியிருக்கும். நோயும் அப்படித்தானே என்று அந்தச் சொல்லின் மீது எனக்குப் பெரிய ஆசை. பழைய நூல்களில் பொருளடக்கத்துக்கு ‘உள்ளுறை’ என்றே தலைப்பிடுவார்கள், குழப்பம் வரும் என்று தஞ்சை அம்மா எழுதினார்கள். அந்த மறுப்பு என்னை அசைக்கவில்லை. என்னை அசைத்தவன் எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன். அவன் வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். எழுத்துக்கூட்டி ‘உள்ளுறைவி’ என்று படித்துவிட்டு, “உள்ளே உறைந்துபோய்விட்டதா, ஐஸ் மாதிரி?” என்று கேட்டான். எங்கள் ஆய்வகத்தில் துப்புரவுப் பணி செய்யும் திருவண்ணாமலை அக்கா, “உள்ளே உறை போட்டிருக்குமா?” என்றார். இரண்டுமே நியாயமான வாசிப்பு. ‘சுவரிலி’க்குப் பக்கத்திலேயே ‘உறை’ என்ற எழுத்துகள் வந்தால் யாருக்கும் மேலுறைதான் நினைவுக்கு வரும். அன்றே அந்தச் சொல்லைக் கைவிட்டேன். இதை எழுதும்போதும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

கோவை நண்பரின் ‘செல்வாழ்வி’யை எழுதிக் காட்டினால் செல்வ வாழ்வு என்றே கண் படிக்கிறது. மேலும் செல், கலம், உயிரணு மூன்றில் எது என்ற பழைய வழக்கும் கூடவே வரும். தமிழ்நாட்டுப் பாடநூலில் செல், யாழ்ப்பாணத்தில் கலம். இங்கே என் கன்னடத் தோழி ஜீவகோசம் என்கிறாள். அந்தச் சிக்கலைத் தொடாமலே போக வழியிருக்கிறது: ‘உள்வாழ்வி’. இருவாழ்வி என்ற சொல் ஏற்கெனவே நம்மிடம் இருப்பதால் வடிவமும் புதிதில்லை. அதே பையன் தயங்காமல், “உள்ளே வாழ்வது” என்றான்.

எதற்குள் என்ற கேள்வி மிஞ்சும். சூழலே அதைச் சொல்லிவிடும் என்று நினைக்கிறேன். உள்ளே வாழ்வதிலும் எத்தனை விதம்! நம் வெள்ளணு ஒரு பாக்டீரியாவை விழுங்கினால் அதை ஒரு பையில் அடைத்து, செரிமான நொதிகளை ஊற்றிக் கரைக்கப் பார்க்கும். ஓரியன்ஷியாவும் அதன் உறவான ரிக்கெட்சியாவும் பையைக் கிழித்துக்கொண்டு செல்லின் நடுக்கூடத்துக்கே வந்துவிடும். கிளமிடியா அந்தப் பையையே தன் வீடாக மாற்றிக்கொள்ளும். காக்சியெல்லாவோ அமிலம் ஊற்றிய பையில்தான் செழிக்கும். அமிலம் இல்லாவிட்டால் அதற்கு வேலை ஓடாது. காசநோய்க் கிருமி நொதிகள் வந்து சேராமல் பார்த்துக்கொள்ளும். லெஜியனெல்லா இந்தக் கலையை மனிதனிடம் கற்கவில்லை. நீரில் வாழும் அமீபாவுக்குள் காலங்காலமாக வாழ்ந்து பழகியது அது. 1976-இல் பிலடெல்பியாவில் ஒரு விடுதியில் கூடிய முன்னாள் படைவீரர்கள் அடுத்தடுத்து நிமோனியாவில் விழுந்தபோதுதான் அதன் முகம் தெரிய வந்தது. இங்கே வெளிவட்டச் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள் மேல், இந்தக் கிருமி பெருகக்கூடிய குளிர்விப்புக் கோபுரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அமீபா நினைவுக்கு வரும். உள்வாழ்வி என்ற சொல் அமீபாவுக்குள் இருப்பதற்கும் நம் நுரையீரலுக்குள் இருப்பதற்கும் சேர்த்தே பொருந்துகிறது.

இன்னும் தீராத ஒன்று உண்டு. உள்ளே மட்டுமே வாழ்பவற்றைக் ‘கட்டாய உள்வாழ்வி’ எனலாம். ரிக்கெட்சியா, கிளமிடியா, தொழுநோய்க் கிருமி எல்லாம் இதில் வரும். தொழுநோய்க் கிருமியை ஹான்சன் 1873-இல் கண்டார். இன்றுவரை யாரும் அதை ஆய்வகத் தட்டில் வளர்த்ததில்லை. உள்ளேயும் வெளியேயும் வாழக்கூடியவற்றுக்கு ‘விருப்ப’ என்று சிலர் எழுதுகிறார்கள். காசநோய்க் கிருமிக்கு விருப்பம் என்று ஒன்று உண்டா? முட்டை கலந்த ஊடகத்தில் ஆறேழு வாரம் காத்திருந்தால் வெளியேயும் வளரும், அவ்வளவுதான். ‘உட்புறவாழ்வி’ என்று முயன்றேன். ஆனால் உட்புறம் என்றால் உள்பக்கம் என்று ஆகி, சொல்லவந்ததே தலைகீழாகிவிடுகிறது. இப்போதைக்கு ‘அகப்புறவாழ்வி’ என்று வைத்திருக்கிறேன். அகமும் புறமும் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. இதைவிட எளியது கிடைத்தால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வேன். யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஐயா தங்கள் பாடநூல் வழக்கைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

> ஸ்க்ரப் டைபஸுக்கு ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று செய்தித்தாள்களில் வந்துவிட்டது. அதைத் தொட வேண்டாம்.

தொட்டே ஆக வேண்டும். உண்ணி என்றால் நம் மக்கள் நாயையும் மாட்டையும்தான் பார்ப்பார்கள். இந்த நோயைப் பரப்புவது உண்ணி அல்ல. புதரிலும் புல்லிலும் இருக்கும், ‘மைட்’ என்ற நுண்ணிய சிற்றுயிரின் இளம்பருவம். செம்மஞ்சளாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்.  நாயைக் குளிப்பாட்டிவிட்டுப் புதரில் போய் உட்காருகிறவரை எந்த மருத்துவர் காப்பாற்றுவார்? ‘புதர்க்காய்ச்சல்’ என்று சொன்னால் எங்கே கவனம் வேண்டும் என்பது பெயரிலேயே வந்துவிடும். டைபாய்டோடு டைபஸைக் குழப்பிக்கொள்வதும் குறையும். இரண்டும் வேறு வேறு நோய்கள், வேறு வேறு மருந்துகள்.

அந்தப் பொருக்குக்கும் ஒரு பெயர் வேண்டும். செவிலி அன்று இரவு, “கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கிறது, வந்து பாருங்கள்” என்றுதான் எங்களைக் கூப்பிட்டார். ‘கரும்பொருக்கு’ என்று அதையே சேர்த்து எழுதிக்கொண்டேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலையிலிருந்து வந்து இங்கே காலிமனைகளின் ஓரம் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கும் கட்டடத் தொழிலாளர்களுக்காக ஒரு துண்டறிக்கை தயாராகிறது. வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதன் முதல் பத்தி இது. வியாழனுக்குள் திருத்தங்களை அனுப்புங்கள்:

“ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் விடவில்லையா? அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ், இடுப்பு மடிப்பு எல்லாம் பாருங்கள். கரும்பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அது புதர்க்காய்ச்சலாக இருக்கலாம். அதைத் தரும் கிருமி ஓர் உள்வாழ்வி. சாதாரண இரத்த வளர்ப்புச் சோதனையில் தெரியாது. அதற்கு மருந்து இருக்கிறது.”

அன்புடன்,
அல்சூர் ஆய்வகத்துக்காரி