அணி இலக்கணம் நடத்திய அனுபவம்: உங்கள் வகுப்பில் எது பலித்தது?

பத்தாம் வகுப்புக்குத் தற்குறிப்பேற்ற அணி நடத்தும்போதெல்லாம் ஒரே கதைதான். "இயல்பாக நடக்கும் நிகழ்ச்சியின் மீது கவிஞர் தம் குறிப்பை ஏற்றிக் கூறுவது" என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். சொந்தமாக ஒரு வரி கேட்டால் பேனா நகராது. போன வருடம் அணியின் பெயரையே சொல்லாமல் பிள்ளைகளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனேன். "கண்ணில் படுகிற ஓர் அசைவை எழுதுங்கள். அது ஏன் அப்படிச் செய்கிறது என்று நீங்களே ஒரு காரணம் சொல்லுங்கள்" என்றேன். கடைசி பெஞ்சு மாணவி ஒருத்தி, காற்றில் கொடிக்கம்பத்தில் கயிறு மோதுவதைப் பார்த்து இப்படி எழுதியிருந்தாள்: "சாப்பாட்டு மணி இன்னும் அடிக்கவில்லையா என்று கயிறு தட்டித் தட்டிக் கேட்கிறது."

அதைக் கரும்பலகையில் எழுதிய பிறகுதான் அணியின் பெயரைச் சொன்னேன். அப்புறம் சிலப்பதிகாரத்துக்குப் போனோம். மதுரை மதில்மேல் அசையும் கொடிகள் 'வராதீர்கள்' என்று கை காட்டுவதாக இளங்கோவடிகள் பாடிய இடம். அவள் பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னாள்: "அங்கேயும் கொடிதான்டி!" பதினெட்டு வருடமாக அந்தப் பாடலை நடத்துகிறேன், அன்றைக்குத்தான் வகுப்பு முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது.

—

அருமை டீச்சர். உவமைக்கும் உருவகத்துக்கும் நான் அட்டைதான் பயன்படுத்துகிறேன். ஒருவன் கையில் 'மதி', இன்னொருவன் கையில் 'முகம்'. மதிமுகம் என்று நின்றால் மதி போன்ற முகம், உவமைத்தொகை. இடம் மாறி நின்றால் முகமதி, முகமாகிய மதி, உருவகம். தேன்தமிழ், தமிழ்த்தேன் இரண்டையும் இப்படியே நிற்க வைத்தேன். 'போன்ற'வும் 'ஆகிய'வும் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று எட்டாம் வகுப்புப் பையன்களே கண்டுபிடித்தார்கள். ஒருவன் மறுநாள் பஸ்ஸில் பார்த்த கடைப் பெயர்களையெல்லாம் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தான்!

—

நான் கட்டுரை வகுப்பில் நிலவு, தாமரை, மயில் மூன்றுக்கும் தடை போட்டுவிடுவேன். உவமை வீட்டிலிருந்துதான் வரவேண்டும். 'அம்மா' கட்டுரையில், கயிறு திரிக்கும் வேலைக்குப் போகிறவரின் மகன் எழுதினான்: "என் அம்மாவின் உள்ளங்கை தேங்காய் நார் போலச் சொரசொரவென்று இருக்கும். காய்ச்சல் வந்தால் அந்தக் கைதான் நெற்றியில் வேண்டும்." சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, அவனையே எழுந்து நின்று வாசிக்கச் சொன்னேன். அவன் வாசித்து முடித்ததும் நாலைந்து பேர் தங்கள் நோட்டில் எழுதியிருந்த உவமையை அடித்துவிட்டுத் திரும்ப எழுதத் தொடங்கினார்கள்.