ஊசி மாத்திரை இல்லையே: அம்மாவின் தாடையும் நாங்கள் சொல்லாமல் விட்டதும்

தொடங்கியவர், திருச்சி

அம்மாவுக்கு 71 வயது. போன வருடம் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று ஆட்டம் கண்டு வலி எடுத்தது. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பல் மருத்துவரிடம் பிடுங்கினோம். அதற்கு முன் அங்கிருந்த பெண் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, "சுகர், பிரஷர் இருக்கா? வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். பிரஷர் மாத்திரை மட்டும்தான் என்றார் அம்மா. நானும் பக்கத்தில்தான் நின்றேன். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

மூன்று வாரம் ஆகியும் குழி மூடவில்லை. வாயில் ஒரு கெட்ட வாடை. நாக்கால் தொட்டால் சொரசொரவென்று ஏதோ தட்டுப்படுகிறது என்றார். வேர்த்துண்டு உள்ளே நின்றுவிட்டதோ என்று எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தும் சீழ் நிற்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் இருக்கும் வாய், முகத்தாடை அறுவை மருத்துவரிடம் அனுப்பினார்கள்.

அவர் முதலில் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. "அம்மா, எலும்புக்குன்னு வருஷத்துக்கு ஒரு தடவையோ ஆறு மாசத்துக்கு ஒரு தடவையோ ஊசி ஏதாவது போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா தம்பி, மணிக்கட்டு முறிஞ்சதுல இருந்து வருஷா வருஷம் டிரிப்ஸ்ல ஏத்துறாங்க. நாலு தடவை ஆச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். எலும்பு மெலிவுக்கான ஜோலெட்ரானிக் அமிலம், 5 மில்லிகிராம். வருடத்தில் ஒரு நாள், கால் மணி நேரம், அப்புறம் மறந்துவிடுவோம். மாத்திரை என்று கேட்டால் அது எப்படி ஞாபகம் வரும்?

குழிக்குள் தெரிந்தது தாடை எலும்பேதான். எட்டு வாரத்துக்கு மேல் எலும்பு வெளியே தெரிந்தபடி இருந்தால், அந்த இடத்தில் கதிர்வீச்சும் கொடுத்திருக்காவிட்டால், இந்த மருந்தால் வந்த தாடை எலும்பு அழுகலாகக் கருதுவார்கள் என்றார். உடனே வெட்டி எடுக்கவில்லை. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலில் வாய் கொப்பளிப்பது, ஆன்டிபயாடிக், மாதம் ஒருமுறை பரிசோதனை என்று பொறுமையாகப் போனார். ஐந்தாம் மாதம் செத்த எலும்பு தானாகவே ஆடத் தொடங்கியது. அதை எடுத்து ஈறை இழுத்துத் தைத்தார். சோளப்பொரி அளவுகூட இல்லை அந்தத் துண்டு. இப்போது அம்மா முறுக்கு கடிக்கிறார்.

மறுமொழி, கோவை

அப்பாவுக்கு இதயத்தில் செயற்கை வால்வு, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். எங்கள் தப்பு வேறு மாதிரி. ரத்தம் நிற்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பல் பிடுங்கப் போவதற்கு நான்கு நாள் முன்பே மாத்திரையை நாங்களே நிறுத்திவிட்டோம். அறுவை மருத்துவர் அன்று பல்லைத் தொடவே இல்லை. "பல் குழியில ரத்தம் வந்தா பஞ்சு வெச்சு, தையல் போட்டு நிறுத்திடலாம். வால்வுல ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போனா நான் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டு, நேராக இதய மருத்துவரிடம் அனுப்பினார். பிறகு மாத்திரையை விடாமலே, முந்தைய நாள் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை பார்த்து (2.6 இருந்தது), வால்வில் கிருமி தொற்றாமல் இருக்க ஒரு மணி நேரம் முன்பு 2 கிராம் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்துப் பிடுங்கினார். தையல் போட்ட பிறகு அரை மணி நேரம் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அப்பா, அவ்வளவுதான்.

மறுமொழி, சென்னை (முகத்தாடை அறுவை மருத்துவர்)

திருச்சி அம்மா தேறியதில் மகிழ்ச்சி. ஏன் தாடையில் மட்டும் இப்படி என்று பலர் கேட்பார்கள். எலும்பு ஓயாமல் அரிக்கப்பட்டு மறுபடி கட்டப்படுகிறது. இந்த எலும்பு மருந்துகள் அரிக்கும் செல்களை அடக்குகின்றன. இடுப்புக்கும் முதுகுக்கும் அது நல்லது. தாடையோ வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் எலும்பு, மேலே மெல்லிய ஈறு மட்டும், பல்லைச் சுற்றி எப்போதும் கிருமிகள். அங்கே காயம் பட்டால் பழைய எலும்பை அகற்ற ஆள் இல்லை.

2003இல் மியாமியைச் சேர்ந்த ராபர்ட் மார்க்ஸ் என்ற அறுவை மருத்துவர் 36 நோயாளிகளைப் பற்றி எழுதிய பிறகுதான் எங்கள் துறை விழித்தது. அதற்கு நூறு வருடம் முன்பே இதே போன்ற நோயைத் தீப்பெட்டித் தொழிலாளர்களிடம் பார்த்திருக்கிறார்கள். வெள்ளை பாஸ்பரஸ் புகையால் அவர்களுடைய தாடை அழுகியது. இந்தியாவில் அந்தத் தீக்குச்சிகளை 1913இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், இதைப் படித்துவிட்டு யாரும் எலும்பு ஊசியை நிறுத்திவிடாதீர்கள். எலும்பு மெலிவுக்குப் போடும் அளவில் இந்த ஆபத்து மிக அரிது. புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு அதிக அளவில், அடிக்கடி போடுவதால் அவர்களுக்குத்தான் கூடுதல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் என்ற இன்னொரு எலும்பு ஊசியைத் திடீரென்று விட்டால் முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் உண்டு. ஊசி தொடங்கும் முன்பே ஆட்டம் கண்ட பல், சொத்தைப் பல் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

நாங்கள் கேட்கும் கேள்வியிலும் குறை இருக்கிறது. "மாத்திரை சாப்பிடுறீங்களா" என்று கேட்டால் மாத்திரையைத்தான் சொல்வார்கள். நான் இப்போது, "கடைசி அஞ்சு வருஷத்துல டிரிப்ஸ், ஊசி எதுக்காகப் போட்டீங்க?" என்று கேட்கிறேன். ஐந்து வருடம் என்பது சும்மா சொல்வதில்லை, ஜோலெட்ரானிக் போன்றவை எலும்பில் வருடக்கணக்கில் தங்கும்.

தொடங்கியவர், திருச்சி

நன்றி டாக்டர். போன வாரம் எனக்குச் சொத்தை அடைக்க அதே பல் மருத்துவரிடம் போனேன். அம்மாவுக்கு நடந்ததைச் சொன்னேன். படிவம் வைத்திருந்த அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் பேனாவை எடுத்து, மேசையில் இருந்த படிவக் கட்டில் ஒவ்வொரு தாளிலும் "எலும்புக்கு ஊசி?" என்று கையால் எழுதிக்கொண்டிருந்தார்.