பெரியவீட்டு வகையறா: காதுகுத்துக்கு நாலு நாள் இருக்கையில் ஒரு இருமல்

புதன், இரவு

சண்முகம் பெரியப்பா 8:41
பலமுறை அனுப்பப்பட்டது
அவசரம்!! தாய்மார்கள் கவனத்திற்கு!! எல்லா கம்பெனி இருமல் சிரப்பிலும் கிட்னியைக் கரைக்கும் ஆசிட் உள்ளது. டம்ளர் தண்ணீரில் 2 சொட்டு விடவும். அடியில் தங்கினால் விஷம். மிதந்தால் நல்லது. 10 பேருக்கு அனுப்பவும்.

சுதா 8:44
ஐயோ பெரியப்பா. யாழினிக்கு நேத்துலேர்ந்து இருமல். தீபாவளிக்கு வாங்குன சிரப் பாதி பாட்டில் இருக்கு. இப்ப 2 சொட்டு விட்டுப் பாத்தேன். அடியில தங்கிருச்சு

செந்தில் 8:44
சர்க்கரைப் பாகு பின்ன மிதக்கவா செய்யும்

நிம்மி அக்கா 8:46
அப்பா, அதை அழிங்க. சுதா, குடுத்துட்டியா?

சுதா 8:46
இல்லக்கா. ஞாயித்துக்கிழமை காதுகுத்து, அதுக்குள்ள இருமல் நிக்கணும்

நிம்மி அக்கா 8:47
காய்ச்சல்? சாப்பாடு? பாட்டில்ல என்ன எழுதிருக்கு, படி

சுதா 8:49
காய்ச்சல் இல்ல. தோசை ஒண்ணு சாப்ட்டா. குளோர்பெனிரமைன், பினைலெஃப்ரின்னு போட்டிருக்கு

நிம்மி அக்கா 8:50
அந்த ஜோடியை 4 வயசுக்குக் கீழ குடுக்கக் கூடாதுன்னு 2023 டிசம்பர்லயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுல சொல்லியாச்சு. யாழினிக்கு 3. திறந்து இத்தனை மாசம் ஆன பாட்டில் வேற. தூக்கிப் போடு

வசந்தா சித்தி 8:51
வேன் 17 சீட்டா 21 சீட்டா? டிரைவர் கேக்குறான்

ராமநாதன் மாமா 8:58
மச்சான் அனுப்பினது பாதி உண்மை, பாதி உளறல். உண்மைப் பாதியைச் சொல்றேன். சிரப்ல மருந்து கொஞ்சம்தான், மத்ததெல்லாம் கரைப்பானும் சர்க்கரையும். பாராசிட்டமாலை எடுத்துக்குங்க. 1 மில்லி தண்ணியில சுமார் 14 மில்லிகிராம்தான் கரையும். 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் வேணும்னா 1 மில்லியில 25 கரையணும். தண்ணி மட்டும் போதாது. அதனால புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், சார்பிட்டால் ஊத்துறாங்க. ஆபத்து மருந்துல இல்ல, இந்தக் கரைப்பான்லதான் வருது. டை எத்திலீன் கிளைக்கால்னு ஒண்ணு, சுருக்கமா டிஇஜி. அதுவும் நிறமில்லாம, கெட்டியா, இனிப்பா இருக்கும். பிரேக் ஆயில், ரெசின், பெயின்ட் வேலைக்கான சரக்கு. விலை கம்மி.

செந்தில் 8:59
மாமா ஆரம்பிச்சுட்டாரு

கார்த்தி 8:59
டீ போட்டுட்டு வரேன்

ராமநாதன் மாமா 9:06
சிரிங்க. எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கிற இடம் இதுதான். "தயாரிப்புல கலந்துடுச்சு"ன்னு பேப்பர்ல எழுதுறான். எத்திலீன் ஆக்சைடோட தண்ணி சேர்த்தா எத்திலீன் கிளைக்கால் வரும். தண்ணியை மூலக்கூறு எண்ணிக்கையில 20 மடங்கு விட்டாலும் நூத்துல ஒம்பது பத்து பங்கு டிஇஜியாப் போயிடும், அதை வெற்றிடத்துல வடிச்சுப் பிரிக்கணும். ஆனா புரொப்பிலீன் கிளைக்கால் வர்றது புரொப்பிலீன் ஆக்சைடுலேர்ந்து. அந்த ஆலையில துணையா வர்றது டை புரொப்பிலீன் கிளைக்கால். டிஇஜி அங்க தானாப் பிறக்காது! அப்ப மருந்துல டிஇஜி இருந்தா எங்கேயோ டிரம் மாறியிருக்கு, இல்ல லேபிள் மாறியிருக்கு, இல்ல தெரிஞ்சே ஊத்தியிருக்கான். "துளி கலந்துடுச்சு"ன்னு சொல்ற கதையே கிடையாது.

சுதா 9:07
மத்தியப் பிரதேசத்துல சிரப் குடிச்சு செத்துப்போன அந்தக் குழந்தைங்க?

ராமநாதன் மாமா 9:13
அதேதான். 2025, சிந்த்வாரா. சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வகம் சோதிச்சதுல டிஇஜி 48.6%. அனுமதி 0.1%. கணக்கு போடுங்க: வேளைக்கு 5 மில்லி, மூணு வேளை, 15 மில்லி. அனுமதிக்குள்ள இருந்தா உள்ள போறது 15 மில்லிகிராம். 48.6%ன்னா 7 கிராமுக்கு மேல. யாழினி எடை என்ன?

சுதா 9:13
13 கிலோ. மாமா அவளை வச்சுக் கணக்குப் போடாதீங்க ப்ளீஸ்

நிம்மி அக்கா 9:15
மாமா, போதும். மத்ததை நான் சொல்றேன். டிஇஜியை உடம்பு உடைக்கும்போது டைகிளைக்காலிக் ஆசிட்னு ஒண்ணு உண்டாகும். அதுதான் சிறுநீரகக் குழாய்ச் செல்லைக் கொல்லுதுன்னு ஆராய்ச்சியில காட்டியிருக்காங்க. முதல்ல வாந்தி, வயித்துவலி. வைரஸ் காய்ச்சல் மாதிரியே இருக்கும், அதான் தாய்மார் இன்னொரு மூடி அதே சிரப்பைக் குடுக்குறாங்க. ஒண்ணு ரெண்டு நாள்ல மூத்திரம் குறையும். அப்புறம் நரம்பு. ஃபோமெபிசோல்னு மாத்துமருந்து இருக்கு, அது அந்த உடைப்பைத் தடுக்கத்தான். சீக்கிரம் குடுத்தாத்தான் பிரயோஜனம். கிட்னி நின்னப்புறம் டயாலிசிஸ்தான்

நிம்மி அக்கா 9:16
எந்த சிரப் குடிச்ச குழந்தையா இருந்தாலும் 6, 8 மணி நேரம் மூத்திரம் போகலைன்னா பாட்டிலோட ஆஸ்பத்திரிக்கு ஓடணும். பாட்டிலை மறக்கக் கூடாது. பேட்ச் நம்பர் அதுலதான்

சண்முகம் பெரியப்பா 9:18
அப்ப நான் சொன்னது சரிதானே

நிம்மி அக்கா 9:18
இல்லப்பா. "எல்லா கம்பெனியும்" இல்ல. ஆசிட்டும் கலக்கல. தண்ணி டெஸ்ட் சுத்தப் பொய்

ராமநாதன் மாமா 9:22
தண்ணி டெஸ்ட் ஏன் பொய்னா: புரொப்பிலீன் கிளைக்கால் அடர்த்தி 1.036, டிஇஜி 1.118, கிளிசரின் 1.26. எல்லாமே தண்ணியை விட கனம், எல்லாமே அடியிலதான் போகும். ஹைட்ரோமீட்டர் வச்சாலும் ஏமாறலாம், கிளிசரின்ல பாதிக்கு மேல தண்ணி கலந்தா 1.118 வந்துடும். நாக்குல வச்சுப் பாக்கவே கூடாது. கண்டுபிடிக்க கேஸ் குரோமட்டோகிராஃப் வேணும், ஆவியாக்கித் தனித்தனியாப் பிரிச்சு அளக்குற ஆய்வகக் கருவி. அது இல்லாத ஊருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் மெல்லிய தகட்டுச் சோதனை ஒண்ணு எழுதி வச்சிருக்கு. முதல்ல தகடு, சந்தேகம் வந்தா குரோமட்டோகிராஃப். வீட்டுல எந்த வழியும் இல்ல. கம்பெனி செய்யணும், ஒவ்வொரு டிரம்முக்கும். ஒரு லாரியில 215 கிலோ டிரம் 40 வந்தா ஒரு டிரம்மைத் திறந்து பாத்துட்டு மத்ததுக்கும் கையெழுத்துப் போடுறதுதான் நடக்குது. அந்த ஒண்ணையும் பாக்காம, விக்கிறவன் குடுத்த பகுப்பாய்வுச் சான்றிதழைத் தன் லெட்டர்பேடுல நகல் எடுக்குறவனும் உண்டு.

வசந்தா சித்தி 9:23
17ஆ 21ஆ??

செந்தில் 9:23
21 சொல்லிடுங்க சித்தி. ராமநாதன் மாமாவுக்கு ரெண்டு சீட்டு வேணும்

ராமநாதன் மாமா 9:24
என் எடை 68

பிரபு 9:27
இப்பதான் பாத்தேன். மாமா சொல்ற டிரம் கதைக்கு எங்க பொருளாதாரப் பக்கம் ஒரு பேர் இருக்கு. ஜார்ஜ் அக்கர்லாஃப்னு ஒரு பொருளாதார அறிஞர், 1970. மூணு பத்திரிகை வேணாம்னு திருப்பி அனுப்பின கட்டுரை, 2001-ல நோபல். வாங்குறவனுக்கு நல்ல சரக்கு எது கெட்டது எதுன்னு தெரியாட்டி ரெண்டுக்கும் நடுவுல ஒரு விலைதான் குடுப்பான். அந்த விலை நல்ல சரக்கு விக்கிறவனுக்குக் கட்டாது, அவன் கடையைக் கட்டுவான். கடைசியில சந்தையில மட்டம்தான் மிஞ்சும். அவர் பழைய கார் வச்சு எழுதினது எல்லாருக்கும் தெரியும். ஆனா அதே கட்டுரையில நம்ம ஊரும் வருது, கடைத்தெரு அரிசியில அதே நிறம், அதே வடிவத்துல வேணும்னே கல்லைக் கலக்குறாங்க, வீட்டுப் பொம்பளைங்க உக்காந்து பொறுக்குறாங்கன்னு

வசந்தா சித்தி 9:28
அதுக்கா நோபல். அத்தைக்குக் குடுத்திருக்கணும், நாப்பது வருஷம் முறத்தோட உக்காந்தாக

பிரபு 9:30
கல்லு கண்ணுக்குத் தெரியும்மா. டிஇஜி தெரியாது. அதான் வித்தியாசமே. தொழிற்சாலைக் கிரேடுக்கும் மருந்துக் கிரேடுக்கும் விலை வித்தியாசம் இருக்குற வரைக்கும் லேபிள் மாத்துறவனுக்குக் கூலி இருக்கு. 2006 பனாமாவுல பாருங்க, அங்கயும் இருமல் சிரப்ல டிஇஜி, அந்தச் சரக்கு சீனாவுல கிளம்பி பார்சிலோனா வழியா போச்சு. ஒவ்வொரு கையும் காகிதத்தை மாத்திச்சு, டிரம்மை யாரும் திறக்கல

சண்முகம் பெரியப்பா 9:31
இதெல்லாம் இந்தியாவுல மட்டும்தான் நடக்கும்னு நினைச்சேன்

ராமநாதன் மாமா 9:36
மச்சான், ஆரம்பமே அமெரிக்கா. 1937, எலிக்சிர் சல்ஃபானிலமைட்னு ஒரு கிருமிக்கொல்லி சிரப். 72% டிஇஜி. ராஸ்பெரி வாசனை. நிறம், மணம், ருசி மூணையும் சோதிச்சாங்க, விஷமான்னு மட்டும் சோதிக்கல. சட்டம் கேக்கல! 105 பேர் செத்தாங்க. சரக்கைப் பறிமுதல் பண்ணக்கூட ஒரே சாக்குதான் கிடைச்சுது: எலிக்சிர்னா ஆல்கஹால் இருக்கணும், இதுல இல்ல, அதனால பேர் தப்பு. அடுத்த வருஷம்தான் புது சட்டம். நம்ம பக்கம் 1973 சென்னையில 14 குழந்தைங்க, 1986 பம்பாயில 14 பேர், 1998 குர்கான்ல 33. 2022 காம்பியாவுல 70 கிட்ட. தொண்ணூறு வருஷமா அதே ஒரே ரசாயனம், அதே டிரம்

சுதா 9:38
எல்லாரும் சொல்றது புரியுது. இப்ப இருமலுக்கு என்ன குடுக்கட்டும்?

நிம்மி அக்கா 9:41
தேன். அரை டீஸ்பூன், 2.5 மில்லி. தூங்குறதுக்கு அரைமணி முன்னாடி, அப்படியே. பென்சில்வேனியாவுல 2007-ல 105 குழந்தைங்க வச்சுப் பாத்ததுல, ஒண்ணும் குடுக்காம விட்டதை விட தேன் குடுத்த ராத்திரி இருமல் குறைஞ்சுது. இருமல் சிரப்ல வர்ற டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் அந்த அளவுக்கு நிக்கல. மூக்கடைச்சா உப்புத்தண்ணி சொட்டு. அப்புறம் மூச்சு எண்ணு. தூங்கும்போது சட்டையைத் தூக்கிட்டு முழு ஒரு நிமிஷம். அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்காத, தப்பும். 40ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, இல்ல விலா எலும்புக்குக் கீழ குழி விழுந்தா எனக்குப் போன்

வசந்தா சித்தி 9:42
பிரபு, நம்ம குட்டிக்கும் லேசா இருமுறான், தேன் தொட்டு வை

நிம்மி அக்கா 9:42
சித்தி வேண்டாம்!! அவனுக்கு 8 மாசம். 1 வயசு ஆகாம தேன் கூடவே கூடாது. பாட்டுலிசம்னு நரம்பை முடக்குற நோயோட கிருமி வித்து அதுல இருக்கலாம், அந்தக் குடல் தாங்காது

அப்பத்தா 9:45
வாய்ஸ் மெசேஜ் 1:12

செந்தில் 9:47
கேக்க முடியாதவங்களுக்குச் சுருக்கம்: உங்க எல்லாருக்கும் பிறந்த அன்னிக்கே சேனைத் தேன் வச்சது நான்தான், எவன் செத்தான்? அப்புறம் தேதி மாத்தக் கூடாதாம், சாமிக்குச் சொல்லியாச்சாம்

கார்த்தி 9:47
எனக்குச் சேனை வச்சது ராமநாதன் மாமான்னு கேள்விப்பட்டேன்

வசந்தா சித்தி 9:48
இல்ல, உனக்கு வச்சது சண்முகம் அத்தான். அதான் கடன் வாங்கினா மறந்துபோகுது

சண்முகம் பெரியப்பா 9:48
என்னை ஏன் இழுக்குறே. 94-லயே அந்தக் கணக்கை முடிச்சாச்சு

கார்த்தி 9:50
சித்தி அந்த ஒண்ணரை லட்சம் தீபாவளிக்குத் தந்துடுறேன். எக்ஸ்பைரி ஒண்ணு நல்லா போச்சுன்னா அதுக்கும் முன்னாடியே

பிரபு 9:53
டேய். பங்குச்சந்தை ஆப்ஷன்லயா இன்னும் இருக்க? சந்தையைக் கண்காணிக்கிற செபி 2024 செப்டம்பர்ல போட்ட ஆய்வு, மூணு நிதியாண்டு, 1 கோடிக்கு மேல தனிநபர்கள். எஃப் அண்ட் ஓல, அதான் ஃபியூச்சர், ஆப்ஷன் வர்த்தகத்துல, 93% பேருக்கு நஷ்டம். தலைக்கு சராசரி சுமார் 2 லட்சம், தரகு செலவு சேர்த்து. செலவெல்லாம் போக 1 லட்சத்துக்கு மேல லாபம் பாத்தவன் நூத்துல ஒருத்தன். தோத்தவன்ல முக்கால்வாசிக்கு மேல விடாம ஆடுறான்

கார்த்தி 9:53
நான் மீதி 7%

பிரபு 9:54
அறிக்கை ஒண்ணு எடுத்து அனுப்பு, பாக்கலாம்

கார்த்தி 9:58
நெட் ஸ்லோ

வசந்தா சித்தி 9:59
அது கெடக்கட்டும். தாய்மாமன் சீர் என்ன கொண்டு வர? கம்மல் எடுத்தாச்சா? போன தடவை மொட்டைக்கு நீ வரவே இல்ல, மடியில உக்கார வைக்க ஆள் தேடினோம்

கார்த்தி 10:01
எடுத்தாச்சு சித்தி. 22 கேரட். 1.6 கிராம், ஜோடி

ராமநாதன் மாமா 10:04
ஹால்மார்க் இருக்கா? 916, அதோட 6 எழுத்து அடையாள எண் இருக்கணும். பிஐஎஸ் கேர் செயலியில போட்டுப் பாரு. பிரபு, டிரம்முக்கு இல்லாத வசதி தங்கத்துக்கு இருக்கு பாத்தியா

பிரபு 10:06
மாமா, 2 கிராமுக்குக் கீழ ஹால்மார்க் கட்டாயம் இல்ல. குழந்தைக் கம்மல் பூரா அந்த ஓட்டையிலதான் போகுது. கார்த்தி, கடைக்காரன் பில்லுல கேரட்டும் எடையும் தனியா எழுதிக் குடுத்தானா?

கார்த்தி 10:07
பில் போடல. தெரிஞ்ச கடை

வசந்தா சித்தி 10:07
யாருக்குத் தெரிஞ்ச கடை

சுதா 10:08
அதை நாளைக்குப் பேசுங்க. நிம்மிக்கா, இருமலோட காது குத்தலாமா?

நிம்மி அக்கா 10:10
வெறும் இருமல்னா குத்தலாம். காய்ச்சல் வந்தா தள்ளிப்போடணும், அப்பத்தா என்ன சொன்னாலும் சரி. ஒண்ணரை வயசு டிபிடி பூஸ்டர் (டெட்டனஸ் தடுப்பும் அதுலதான்) போட்டதான்னு அட்டையைப் பாரு. ஊசி புதுசா பிரிக்கச் சொல்லு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாத்துட்டு முடிவு சொல்லுவோம்

செந்தில் 10:11
அப்ப ஆட்டுக்கு அட்வான்ஸ் 5000 குடுத்தாச்சே

சண்முகம் பெரியப்பா 10:12
ஆட்டுக்கு இருமல் இல்லியே. அது வரும்

வசந்தா சித்தி 10:12
அந்த 5000 யார் கணக்கு?

ராமநாதன் மாமா 10:19
சுதா, அந்தப் பாட்டிலை வாஷ்பேசின்ல ஊத்தாதே. சிரப்பைக் காஃபித்தூள் சக்கையோட கலந்து பழைய கவர்ல கட்டிப் போடு, லேபிளைக் கிழிச்சிடு. காலிப் பாட்டிலைக் கழுவி வேற எதுவும் ஊத்தி வைக்காதே, பினாயில் கூட

சுதா 10:31
தேன் குடுத்தாச்சு. தூங்கிட்டா. எண்ணினேன், 28

நிம்மி அக்கா 10:31
நல்லது. ராத்திரி ஒரு தடவை எண்ணு

வசந்தா சித்தி 10:33
21 சீட்டுன்னு சொல்லிட்டேன். 600 கூட கேக்குறான். கார்த்தி, நீ பஸ்ல வர்றியா வேன்ல வர்றியா?

கார்த்தி 10:52
பாக்குறேன் சித்தி